எத்தனை வாட் என்று கேட்காதீர்கள்

எழுதி ரொம்ப நாளாகி விட்டது. மார்ச் கணக்கு முடிப்பு, அதன் பின்னாலேயே ஆடிட், நடுவில் ஊரில் ஒரு கல்யாணம். மன்னார்குடிக்குப் போய் வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. திருவனந்தபுரம் வந்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் ரயிலில் இறங்கும்போது ஊருக்கு வந்த மாதிரி இல்லை, ஆபீசுக்கு வந்த மாதிரிதான் இருக்கிறது. நிற்க.

இன்று ஒரு சண்டையோடு வந்திருக்கிறேன். ஸ்டூடியோ லைட் விற்கிறவர்களோடு பாதிச் சண்டை. மீதிப் பாதி, கொட்டேஷனைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற என்னைப் போன்ற வங்கிக்காரர்களோடும், பையனுக்கு லைட் வாங்கிக் கொடுக்க நகையைக் கழற்றுகிற நம் வீட்டுப் பெரியவர்களோடும். பி.காம் படித்தவனுக்கு ஃப்ளாஷைப் பற்றிப் பேச என்ன யோக்யதை என்று கேட்பீர்கள். பதினெட்டு வருஷமாகக் கேமரா வைத்திருக்கிறேன் என்பது ஒன்று. இந்த விஷயத்தில் ஒரு குடும்பத்தின் பணம் வீணாவதற்கு நானே கையெழுத்துப் போட்டேன் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய யோக்யதை.

கதை இதுதான். சாலை பஜாரில் நம் ஆட்கள் நிறைய இருப்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பாத்திரக்கடை, மளிகை, பூ, நகைப் பட்டறை என்று இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், வாசலில் மலையாளம். அப்படி ஒரு வீட்டுப் பையன். அப்பா இல்லை. அம்மா சங்கரன்கோவில் பக்கம். பையன் கல்யாணப் படம் எடுக்கப் போய் வந்து கொண்டிருந்தவன், சொந்தமாகச் சின்ன ஸ்டூடியோ போட வேண்டும் என்று முத்ரா கடனுக்கு வந்தான். கிஷோர் பிரிவு, அதாவது 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை. அடமானம் கேட்கக் கூடாத கடன்.

அவன் யோசனை நல்ல யோசனை. இந்த ஊரில் நாட்டியம் கற்கிற பெண் குழந்தைகள் ஏராளம். அரங்கேற்றத்துக்கு முன்னால் அழைப்பிதழுக்கு, ஃப்ளெக்ஸுக்கு, ஆல்பத்துக்கு என்று படம் எடுப்பார்கள். எல்லோரும் பெரிய சாஃப்ட்பாக்ஸ் இரண்டை வைத்து, பாஸ்போர்ட் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கின மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். இவன் சொன்னான், "சார், இருட்டுல முகத்துல மட்டும் வெளிச்சம் விழணும். பின்னாடி சுவத்துல கோவில் ஜன்னல் நிழல் விழணும். அப்படி இங்க யாரும் எடுத்துக் குடுக்கல சார்." கையோடு ஒரு படமும் கொண்டு வந்திருந்தான். கையில் விளக்கை ஏந்தி, இன்னொரு கையால் சுடரை மறைத்துக் கொண்டு ஒரு பெண் நிற்பாளே, அது. ரவி வர்மா படம் என்றான். நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். இல்லை. அது ஹல்தன்கர் வரைந்தது, மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது, நின்றவர் அவருடைய மகள். ரவி வர்மா 1906-லேயே காலமாகி விட்டார், இந்தப் படம் 1940-களில் வரைந்தது. பக்கத்தில் கிளிமானூரில் பிறந்தவர் என்பதால் இந்த ஊரில் எதையும் அவர் கணக்கில் எழுதி விடுகிறார்கள். பையனிடம் இதைச் சொன்னேன். பெரிய புத்திசாலி என்று நினைத்துக் கொண்டேன். அவனுடைய கொட்டேஷனை அதே கவனத்தோடு பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

மொத்தம் 3,50,000 ரூபாய்க்குத் திட்டம். அதில் 600 வாட் ஃப்ளாஷ் இரண்டு, லென்ஸ் வைத்த ஒரு ஆப்டிகல் ஸ்னூட், ஸ்டாண்ட், பின்திரை, கம்ப்யூட்டர். கடன் 3,00,000. கைப்பணம் 50,000-க்கு அந்த அம்மா தன் செயினை வைத்தார். ஐந்து வருஷத் தவணை, மாசம் 6,500 ரூபாய் சொச்சம். இந்த 6,500-ஐ மனதில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

நாங்கள் என்ன பார்ப்போம்? மூன்று கடையில் கொட்டேஷன் இருக்கிறதா, ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறதா, பணம் நேராகக் கடைக்கே போகிறதா, பில் வந்ததா. எல்லாம் இருந்தது. மூன்று கடைக்காரர்களும் 600 வாட்தான் எழுதியிருந்தார்கள். மூன்று பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டு விட்டேன்.

இரண்டு மாசம் கழித்து அவனே வந்தான். "சார், லைட் வேலை செய்யுது. ஆனா அந்த ஸ்னூட்டை மாட்டினா வெளிச்சமே வரமாட்டேங்குது." ஞாயிற்றுக்கிழமை கேமராவையும் லைட் மீட்டரையும் எடுத்துக் கொண்டு போனேன். பார்த்ததும் புரிந்து விட்டது. ஃப்ளாஷின் முகம் தட்டையாக இருந்தது. டியூப் உள்ளே ஆழத்தில், அதற்கு முன்னால் பனி படர்ந்த மாதிரி கண்ணாடி.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஃப்ளாஷுக்கு முன்னால் மாட்டுகிற சாமான்கள் இரண்டு ஜாதி. குடை, சாஃப்ட்பாக்ஸ் எல்லாம் வெளிச்சத்தைப் பரப்புகிறவை. ஸ்னூட், தேன்கூடு கிரிட், ஃப்ரெனெல், ஆப்டிகல் ஸ்னூட் எல்லாம் வெளிச்சத்தை ஒரு இடத்தில் விழ வைக்கிறவை. இந்த இரண்டாவது ஜாதியிலும் ஒரு பிரிவினை உண்டு. வெறும் குழாயும் தேன்கூடும் தேவையில்லாத வெளிச்சத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். எந்த ஃப்ளாஷில் மாட்டினாலும் ஏதோ ஒரு மாதிரி வேலை செய்யும். ஆனால் லென்ஸ் வைத்தவை அப்படி இல்லை. ஆப்டிகல் ஸ்னூட் என்பது பழைய ஸ்லைடு புரொஜெக்டர்தான். பின்னால் ஒரு லென்ஸ் வெளிச்சத்தைச் சேர்க்கும். நடுவில் ஒரு தகடு செருகுகிற இடம். அந்தத் தகட்டில் ஜன்னலோ, இலையோ, வட்டமோ வெட்டியிருக்கும், அதற்கு கோபோ என்று பெயர். முன்னால் இருக்கிற லென்ஸ் அந்த வெட்டின வடிவத்தைச் சுவரில் கொண்டு போய் விழ வைக்கும். முன் லென்ஸை நகர்த்தினால் நிழலின் ஓரம் கூர்மையாகும், மழுங்கும். நாடக மேடையில் இதே வேலையைச் செய்கிற விளக்கு 1933-லிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் லெவி, குக் என்ற இரண்டு பேர் செய்ததால் இரண்டு பெயரையும் ஒட்டி லீகோ என்று பெயர் வைத்தார்கள்.

இந்தச் சாமானுக்கு எப்படிப்பட்ட வெளிச்சம் வேண்டும்? அதிகமான வெளிச்சம் இல்லை, சின்ன இடத்திலிருந்து வருகிற வெளிச்சம். வீட்டில் பெரியவர்கள் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி இருந்தால் எடுங்கள். வெயிலில் பிடித்தால் ஒரு புள்ளியில் குவிந்து காகிதம் கருகும். அதே கண்ணாடியை டியூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். எப்படிப் பிடித்தாலும் புள்ளி வராது, டியூப்லைட் வடிவத்தில் ஒரு கோடுதான் விழும். வெளிச்சம் வருகிற இடம் அகலமாக இருந்தால் லென்ஸால் அதைக் கசக்கிச் சின்னதாக்கி உள்ளே தள்ள முடியாது. பாதிக்கு மேல் குழாயின் உள்சுவரில் மோதிச் சூடாகிப் போகும்.

கோவளம் போனவர்கள் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தில் ஏறியிருப்பீர்கள். 1972-ல் கட்டியது. குழந்தைகள் "எவ்ளோ பெரிய பல்பு இருக்கும்" என்று கேட்டுக் கொண்டே படி ஏறும். எந்தக் கலங்கரை விளக்கமானாலும் சூத்திரம் ஒன்றுதான். பெரிசாக இருப்பது லென்ஸ். அதற்கு நடுவில், இருக்க வேண்டிய சரியான இடத்தில், ஒரு சின்ன விளக்கு. ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களில் அந்த லென்ஸைக் கலங்கரை விளக்கத்துக்காகத்தான் செய்தார், பிற்பாடுதான் அது சினிமா ஸ்டூடியோவுக்குள் வந்தது.

இப்போது தட்டை முகத்து ஃப்ளாஷைப் பாருங்கள். டியூபிலிருந்து வருகிற வெளிச்சத்தை அந்தப் பனிக்கண்ணாடி முதலிலேயே அகலமாகப் பரப்பி விடுகிறது. சாஃப்ட்பாக்ஸுக்கு அது நல்லது, சீராகப் பரவும். ஆப்டிகல் ஸ்னூட்டுக்கு அது விஷம். டியூபும் லென்ஸிலிருந்து தள்ளி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

என் நண்பர் ஒருவரிடம் கோடாக்ஸ் ஏடி200 இருந்தது, 200 வாட்-செகண்ட். அதன் வெறும் பல்பு தலையை பிராக்கெட்டில் வைத்து, போவன்ஸ் மவுண்ட் வழியாக அதே ஸ்னூட்டில் மாட்டினோம். சுவரிலிருந்து அதே இரண்டு மீட்டர், ஐஎஸ்ஓ 100. பையனுடைய 600 முழு பவரில் மீட்டர் எஃப் 8 காட்டியது. 200 முழு பவரில் எஃப் 8-க்கு ஒரு கால் ஸ்டாப் கம்மி. அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று மடங்கு சக்தி, அதற்கேற்ற விலை, கையில் கிடைத்தது கால் ஸ்டாப்! பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்னூட்டைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, மறுபடி ஒரு தடவை அளந்தான்.

சரி, 600 வாட், 600 வாட் என்கிறார்களே, அது என்ன? முதலில் அது வாட் இல்லை, வாட்-செகண்ட். உள்ளே இருக்கிற கப்பாசிட்டரில் ஒரு தடவைக்கு எவ்வளவு மின்சாரம் சேர்த்து வைக்கும் என்பதுதான் கணக்கு. வெளியே எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தை பேசாது. கரண்ட் பில்லில் வருகிற ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-செகண்ட். வீணாவதைக் கணக்கில் எடுக்காமல் சொன்னால், ஒரு யூனிட்டுக்கு 600-ஐ முழு பவரில் 6,000 தடவை அடிக்கலாம். அப்படிப்பட்ட சமாசாரத்தைத்தான் ஏதோ பவர் ஹவுஸ் மாதிரி சொல்லி விற்கிறார்கள்.

இன்னொன்று. 300-லிருந்து 600-க்குப் போனால் வெளிச்சம் இரட்டிப்பு. இரட்டிப்பு என்றால் ஒரே ஒரு ஸ்டாப். கேமராவில் ஐஎஸ்ஓவை 100-லிருந்து 200-க்குத் திருப்பினால் அதே ஒரு ஸ்டாப் இலவசமாகக் கிடைக்கும். இன்றைய கேமராக்களில் 200, 400 எல்லாம் ஒரு குறையும் தெரியாது. கடன் வாங்கி அந்த ஒரு ஸ்டாப்பை வாங்குவானேன்?

"அப்போ 600 எதுக்குமே ஆகாதா?" என்று பாயாதீர்கள். ஆகும். கோவளம் கடற்கரையில் உச்சி வெயிலில் மணமக்களை எடுக்க வேண்டும், சூரியனோடு போட்டி. அங்கே 600 போதாது என்றுகூடத் தோன்றும். ஆறடி சாஃப்ட்பாக்ஸ் வைத்து முப்பது பேர் குடும்பப் படம், அதற்கும் வேண்டும். ஆனால் நாலு சுவருக்குள், ஒரு பெண்ணின் முகத்தில் கையகல வெளிச்சம் விழ வைப்பதற்கு அதை விற்பது, ஒற்றைப் பிள்ளைக்காரனுக்கு ஐம்பது பேர் சமைக்கிற அண்டாவை விற்பது மாதிரி. இதைக் கடைக்காரர்களிடம் சொன்னேன். ஒருவர் சிரித்துக் கொண்டே, "சார், கஸ்டமர் கேட்பதே வாட்தான். நாங்கள் வேறு என்ன சொல்லி விற்பது?" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அப்படியானால் என்ன கேட்பது? முதலில் ஃப்ளாஷைத் திருப்பி முகத்தைப் பாருங்கள். டியூப் வெளியே நீட்டிக் கொண்டிருக்க வேண்டும். அதன் மேல் கண்ணாடி மூடி இருந்தால் அது பளிங்கு மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும், பனி மூடியாக இருந்தால் கழற்ற வருகிறதா என்று பார்க்க வேண்டும். டியூப் சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய வளையமாக இருந்தால் சில மட்டமான ஸ்னூட்டில் நடுவில் மங்கல் விழும். ஆகையால் நீங்கள் வாங்கப் போகிற ஸ்னூட்டையும் வாங்கப் போகிற ஃப்ளாஷையும் கடையிலேயே சேர்த்து மாட்டச் சொல்லி, வெள்ளைச் சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிக் காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

அடுத்தது மாடலிங் விளக்கு. இதை ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு வாட்டை விட இதுதான் முக்கியம். சாஃப்ட்பாக்ஸைக் கண்ணை மூடிக் கொண்டு வைத்தாலும் ஏதோ படம் வரும். ஆப்டிகல் ஸ்னூட்டில் இரண்டு விரற்கடை நகர்ந்தால் வெளிச்சம் மூக்கிலிருந்து காதுக்குப் போய் விடும். ஜன்னல் நிழல் எங்கே விழுகிறது, ஓரம் எவ்வளவு கூர்மை என்பதைப் படம் எடுப்பதற்கு முன்னாலேயே கண்ணால் பார்க்க வேண்டும். அதைக் காட்டுவது உள்ளே எப்போதும் எரிகிற அந்தச் சின்ன விளக்குதான். பாட்டரி ஃப்ளாஷ்களில் இது பெரும்பாலும் எல்இடி. கோடாக்ஸ் ஏடி300ப்ரோவில் 12 வாட், ஏடி400ப்ரோவில் 30 வாட், ஏடி600ப்ரோவில் 38 வாட். ஸ்னூட்டின் லென்ஸ்கள் தின்றது போக 12 வாட்டில் சுவரில் தெரிவது மின்மினிப் பூச்சி. கரண்டில் ஓடுகிற சாதாரண எஸ்கே400-2 மாதிரி ஸ்டூடியோ ஃப்ளாஷ்களில் 150 வாட் ஹாலஜன் வரும். நன்றாகத் தெரியும். ஆனால் அடுப்பு. மூடின குழாய்க்குள் பத்து நிமிஷம் எரிய விட்டால் பிளாஸ்டிக் கோபோ வளைந்து விடும், உலோகத் தகடுதான் தாங்கும். பார்த்து வைத்து விட்டு அணைத்து விட வேண்டும். பையன் வாங்கின 600-ல் இருந்தது 10 வாட் எல்இடி. அறை விளக்குகளை எல்லாம் அணைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அப்புறமும் தடவித் தடவித்தான் வைத்தோம்.

நம் முன்னோர்கள் ஸ்டூடியோவில் இந்தக் கஷ்டம் இல்லை. இங்கே ஸ்டாச்சு பக்கத்தில் 1959-ல் சிவன் ஸ்டூடியோ தொடங்கியதே (சந்தோஷ் சிவனின் அப்பா, 2021-ல் காலமானார்), அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் பொதுவாக எரிந்தது எல்லாம் நின்று எரிகிற சூட்டு விளக்குகள்தான். விளக்கை நகர்த்தினால் முகத்தில் நிழல் நகர்வது கண்ணுக்குத் தெரியும். கதகளி இன்னும் ஒரு படி மேலே. ஒரு பெரிய ஆட்டவிளக்கு, ஒரு திரி நடிகர் பக்கம், ஒரு திரி நம் பக்கம், அதற்கு அந்தப் பக்கம் இருட்டு. இந்த ஊரில் இருந்து கொண்டு, முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்று தெரிந்து கொள்ளக் கடைக்காரரிடம் போனோம் பாருங்கள்.

அதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன், கடைக்காரர்களுக்கு இது இன்னும் பிடிக்காது. நகை, பலகாரம், புடவை என்று அசையாத பொருளை மட்டும் எடுப்பவருக்கு ஃப்ளாஷே வேண்டாம். சிஓபி எல்இடி விளக்கு ஒன்று போதும். வெளிச்சம் வருகிற இடம் சின்னது, இப்போது வருகிற லென்ஸ் ஸ்னூட்களில் பலதும் அதற்காகவே செய்தவை, பார்ப்பதுதான் கிடைக்கும். ஆனால் நாட்டியக்காரப் பெண் குதிக்கும்போது சலங்கை மணி ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டுமானால் ஃப்ளாஷ்தான். அங்கேயும் பொருந்தாத ஜோடி காலை வாரும். ஸ்னூட் வெளிச்சத்தைத் தின்பதால் ஃப்ளாஷை முழு பவரில் அடிக்க வேண்டும். இப்போதைய ஃப்ளாஷ்களில் பெரும்பாலும் முழு பவரில்தான் மின்னல் நீளமாக இருக்கும். சலங்கை கலங்கும், அடுத்த மின்னலுக்குக் காத்திருக்கவும் வேண்டும், குழந்தைக்கு அபிநயம் போய் விடும்.

மவுண்ட் பற்றி ஒரே வரி. போவன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2017-ல் மூடி விட்டது, ஆனால் அதன் மவுண்ட் இன்னும் ஊரெல்லாம் இருக்கிறது. அதை வாங்கினால் நாளைக்கு வேறு சாமான் மாட்டலாம்.

வாட் கடைசியில். நாலு சுவருக்குள் இந்த வேலைக்கு 200-லிருந்து 400 வரை போதும் என்பது என் கணக்கு.

இனி எங்கள் பக்கம். கடன் கொடுக்கிற நாங்கள், ஒரு மாவு மில் மோட்டார் என்றால் எத்தனை குதிரைத் திறன், எவ்வளவு அரைக்கும், எத்தனை வாடிக்கையாளர் என்று கேட்போம். ஸ்டூடியோ என்றால் கேமரா, லைட் என்று ஒரே வரியில் எழுதி மூடி விடுகிறோம். இந்தச் சாமான் எந்த வேலைக்கு, அந்த வேலைக்கு இது பொருந்துமா, மாட்டிப் பார்த்தாயா என்று ஒரு கேள்வி நான் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நம் பெற்றோர்களுக்கும் சொல்கிறேன். ஊரை விட்டு வந்து பிழைக்கிற நமக்கு, பிள்ளை கேட்டதைப் பெரிசாக வாங்கிக் கொடுத்தால்தான் திருப்தி. பெரிசு வாங்கினால் மறுபடி வாங்க வேண்டியதில்லை என்று அந்த அம்மாவும் சொன்னார். "சின்னதா வாங்கி அப்புறம் பத்தலன்னா என்ன செய்ய சார்?" பாவம், அவருக்கு யார் சொல்வது, நான்தானே சொல்லியிருக்க வேண்டும்.

பிரித்த பெட்டியைக் கடை திரும்ப எடுத்துக் கொள்ளவில்லை. ஒரு 600-ஐ நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் படக்காரருக்கு 38,000 ரூபாய்க்குத் தள்ளி விட்டோம். வாங்கினது 60,000. அவருக்கு அது சரியான சாமான்தான், வெளியில் வெயிலில் அடிக்கிறவர். அந்தப் பணத்தில் வெறும் பல்பு தலையோடு பழைய 200 ஒன்று வாங்கினான், மீதியில் இரண்டு உலோக கோபோ, ஒரு தவணை. போன மாசம் கரமனையிலிருந்து ஒரு குழந்தை, அரங்கேற்றப் படம். கறுப்புத் திரை, முகத்தில் ஒரு வட்டம், பின்னால் சாய்வாக ஜன்னல் கம்பி. அவள் பாட்டி படத்தைக் கையில் வாங்கிக் கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, "விளக்கு எங்கப்பா வச்ச?" என்று மட்டும் கேட்டாராம். பையன் போனில் இதைச் சொல்லும்போது குரலே மாறி இருந்தது.

செயின் இன்னும் மீட்கவில்லை. தவணை இதுவரை தவறவில்லை.

இந்த வாரம் மேஜையில் இன்னொரு ஸ்டூடியோ கடன் வந்திருக்கிறது. ஆற்றிங்கல் பையன், நகைப் படம் எடுக்கப் போகிறானாம். கொட்டேஷனில் 800 வாட் ஃப்ளாஷ் இரண்டு. ஓரத்தில் பென்சிலால் "டியூப் வெளியே தெரிகிறதா? மாடலிங் விளக்கு எவ்வளவு? ஸ்னூட்டோடு மாட்டிப் பார்த்தீர்களா? எல்இடி போதாதா?" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மேனேஜர் கூப்பிட்டு, "இதெல்லாம் நம்ம செக்லிஸ்டில் இல்லையே" என்றார்.

இல்லைதான்.